மூன்று அட்டையில் ஒரு படையணி வரலாறு

“இதுல எது கடைசியாச் செஞ்சது, மஹத்தயா?”

கேட்ட பெண்ணுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். ஈரக் குடையை அச்சக வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, கால்களைச் சாக்கில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார். ஷொப்பிங் பேக்கிலிருந்து ஒரு புத்தகத்தையும், அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாளையும் எடுத்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மழையில் வந்தவர்; ஆனால் இரண்டிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

புத்தகம் நாங்கள் கட்டியதுதான். ஒரு படையணியின் வரலாறு. காகித அட்டைப் பிரதி. பசை விட்டுப்போய், கடைசிப் பக்கங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உயிர்நீத்தோர் பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே நகத்தால் கோடு கிழித்திருந்தது.

கொப்பித் தாளிலும் அதே பெயர், அதே இலக்கம். உருண்டையான சிங்கள எழுத்தில் அவரே பார்த்து எழுதியது. ஆனால் அதற்கு மேலே எழுதியிருந்த தலைப்பு வேறு: காணாமற்போனோர்.

“நான் சமைக்கிற வீட்டு ஐயா பெரிய ஒபிசரா இருந்தவர். அவர்ட அலுமாரியில இதே புத்தகம் தோல் அட்டை போட்டு இருக்குது. தூசி தட்டுறப்ப எடுத்துப் பாத்தேன். அதுல என் மகன் காணாமப் போனவன். எனக்குத் தந்த புத்தகத்துல செத்துப் போனவன். ரெண்டும் இங்கதான் செஞ்சதாம். எது கடைசியாச் செஞ்சதுன்னு சொல்லுங்க. கடைசியாச் செஞ்சதுதானே சரியா இருக்கும்?”

நாங்கள் பேசியது சிங்களத்தில். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். அவர் பெயர் சோமாவதி; ஊர் தெல்தெனியப் பக்கம். மகன் பெயர் பிரியந்த.

அவருக்கு நான் ஒரு பதில் சொன்னேன். அதைச் சொல்வதற்கு முன், ஒரே புத்தகத்தில் ஒரு பையன் எப்படி இரண்டு இடத்தில் இருந்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரே தாள், வேறு உடுப்பு

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கண்டி நகரில் நான் வேலை செய்த அச்சகம் அக்குறணை ஹாஜியார் ஒருவருடையது. புத்தகம் கட்டும் பகுதிக்கு நான் பொறுப்பு.

ஒரு நாள் மேஜர் ஒருவர் இரண்டு பழைய புத்தகங்களோடு வந்தார். இரண்டும் ஒன்றுதான். வெள்ளைக்காரர் காலத்தில், அந்தப் படையணியின் அன்றைய அதிகாரிகள் எழுதி அச்சிட்ட வரலாறு. ஒன்று முழுத் தோல் அட்டை. பழுத்த கொறுக்காய்ப் பழத்தின் செம்மஞ்சள் நிறம். முதுகில் ஐந்து வரம்பு எழுப்பி, நடுவில் படையணியின் சின்னத்தைப் பொன்னில் பதித்திருந்தார்கள். மற்றது நீலத் துணி அட்டை. அதே சின்னம், பொன் இல்லாமல் வெறும் அழுத்தமாக.

இரண்டையும் அரை நாள் என் மேசையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே அச்சு. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் தோல் பிரதியில் படங்களுக்கு மேல் மெல்லிய தாள் மூடியிருந்தது. பின்பக்கம் மடித்து வைத்த வரைபடங்கள் மூன்று இருந்தன. ஒன்றில் கடுகண்ணாவைக் கணவாய் மயிரிழை மயிரிழையாக வரையப்பட்டிருந்தது. துணிப் பிரதியில் வரைபடமே இல்லை. கிழிந்து போனதல்ல. தையலைப் பிரித்துப் பார்த்தேன், வைக்கவே இல்லை. தோல் பிரதி அதிகாரிகளுக்கு, துணிப் பிரதி மற்றவர்களுக்கு என்று மேஜர் சொன்னார். எந்த வழியாகப் போனோம் என்பதை மற்றவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பூச்சி அரித்திருந்தது துணிப் பிரதியைத்தான். தோல் பிரதிக்குப் போட்ட பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார்கள். மற்றதற்கு வெறும் கோதுமை மா. செலவு மிச்சம்.

மேஜருக்கு இந்தப் பழைய வரலாற்றை மறுபடி அச்சிட்டு, இந்தக் காலத்துப் போரையும் சேர்த்து, கடைசியில் பெயர்ப் பட்டியல் போட வேண்டும். கட்டுவதும் பழைய முறையில்தான். முப்பது பிரதி தோல் அட்டையில், மூன்று விளிம்பிலும் தங்கம் பூசி, பெட்டியோடு, பெரிய அதிகாரிகளுக்கு. இருநூறு பிரதி துணி அட்டையில், மற்ற அதிகாரிகளுக்கு. மிச்சம் காகித அட்டையில், குடும்பங்களுக்கு.

“குடும்பங்களுக்கு” என்றால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. முந்தின இரண்டையும் நூலில் தைக்கச் சொன்னவர், காகிதப் பிரதியை ஒட்டினால் போதும் என்றார். நானும் சரி என்றுதான் எழுதிக்கொண்டேன்.

ஹாஜியார் அன்று பின்னேரம் என் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, இது ஆக்கள்ட பேர் ஈக்கிற புத்தகம். அட்ட கோணினாலும் பரவாயில்ல. ஒரு பேர்லயும் பிழை வரப்படாது.”

ஒரு பெயரிலும் பிழை வரவில்லை. நடந்தது வேறு.

தங்கம் பூசிய விளிம்பு

தாள்கள் எல்லாம் அடித்து முடிந்தன. தோல் பிரதிக்குரிய முப்பதையும் முதலில் தைத்து, விளிம்புக்குத் தங்கம் பூசக் கொழும்புக்கு அனுப்பினேன். அந்த வேலை கண்டியில் செய்ய ஆளில்லை. துணிப் பிரதிகளைத் தைத்து முடித்த நேரம் மேஜர் ஒரு கடிதத்தோடு வந்தார். ஒரு தாளை மாற்ற வேண்டும்.

காணாமற்போனோர் பட்டியல் முடிந்து உயிர்நீத்தோர் பட்டியல் தொடங்குகிற தாள் அது. பதினொரு பெயர்கள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பங்கள் மரணச் சான்றிதழைக் கையெழுத்திட்டு வாங்கியிருந்தார்கள். அதனால் இனி அவர்கள் காணாமற்போனவர்கள் இல்லை.

புதுத் தாள் அடித்தோம். காகிதப் பிரதிகள் இன்னும் ஒட்டவில்லை. பழையதை உருவிவிட்டுப் புதியதை வைத்தால் போதும். துணிப் பிரதிகள் தைத்தாயிற்று. அவற்றில் பழைய தாளைத் தையலோரம் ஒரு விரற்கடை விட்டு வெட்டி, அந்த மிச்சத்தின்மேல் புதிய தாளை ஒட்ட வேண்டும். சரியாகச் செய்தால் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

தங்கம் பூசிய முப்பதும் கொழும்பிலிருந்து வந்தன. அதில் என்ன செய்வது என்று மேஜரிடம் கேட்டேன். தங்க விளிம்புக்கு நடுவே புதுத் தாளை ஒட்டினால் வெள்ளைக் கோடாகத் தெரியும். மேஜர் ஒரு பிரதியைக் கையில் எடுத்து, பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“இது இருக்கட்டும். பெரியவங்க வீட்டுக்குப் போற புத்தகம். அவங்க கடைசிப் பக்கத்தைப் பாக்க மாட்டாங்க.”

அப்படித்தான் அந்தப் பதினொரு பேரும் துணியிலும் காகிதத்திலும் இறந்தார்கள். தோலில் மட்டும் காணாமல் போனவர்களாகவே இருந்தார்கள்.

இருநூறு தாளையும் வெட்டியது நான்தான். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது யாருக்கும் சொல்லவில்லை. நான் கட்டிய புத்தகங்களைப் பற்றி எழுதிவரும் இந்தத் தொடரிலும் இதுவரை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ரவி. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. போர்க்காலத்தில் ஒரு மாலை, அவன் தங்கியிருந்த அறைக்கு வந்து, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிப் போனார்கள். யார் கூட்டிப் போனது, எங்கே கூட்டிப் போனது என்று இன்றுவரை தெரியாது. சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் மேசையில் இருந்ததாக அறையில் கூட இருந்தவர் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கும் பிறகு மரணச் சான்றிதழுக்கான படிவங்கள் வந்தன. அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “நான் கையெழுத்துப் போட்டா, நானே அவனக் கொன்ன மாதிரி” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

வெட்டி எடுத்த பழைய தாள்கள் கூடையில் விழுந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை மட்டும் எடுத்து மடிக்காமல் என் மேசை லாச்சியில் வைத்தேன்.

நான் சொன்ன பதில்

இப்போது மழைநாளுக்கு வருகிறேன்.

சோமாவதி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. தாளைக் கேட்டால், காகிதப் பிரதியில் உள்ளதுதான் கடைசி. அட்டையைக் கேட்டால், தோல் பிரதிதான் கடைசி. தோல் வேலை இழுத்துப்போய், மற்ற இரண்டும் போய் ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் பெட்டியில் போட்டு அனுப்பினோம்.

“தோல் அட்டைதான் கடைசியா வெளிய போச்சு, அக்கே” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அவர் என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அவர் உடனே சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தையும் தாளையும் மெதுவாக எடுத்து வைத்தார். “புண்ணியம் கெடைக்கும் மஹத்தயாவுக்கு” என்றார். குடையை எடுக்க மறந்துபோய்த் தெருவில் இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கதவு தட்டும் சத்தம் கேட்டால் அம்மா முகத்தில் வருவது.

அடுத்த நாள் வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு கணக்குப் புத்தகத்துக்கு முதுகைத் தலைகீழாக ஒட்டினேன். ஹாஜியார் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“நீங்க சொன்னது பொய்யா?” என்று கேட்டார்.

“இல்ல ஹாஜியார்.”

“அப்ப உண்மையா?”

கையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினேன்.

“போயாவுக்கு லீவுதானே. போய்ச் சொல்லிட்டு வாங்க. அவ ஏசினா ஏச்சக் கேட்டுட்டு வாங்க” என்றார்.

தெல்தெனிய பஸ்

பௌர்ணமிப் போயா அன்று காலை பஸ் ஏறினேன். வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகிறவர்களால் பஸ் நிறைந்திருந்தது. விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் பட்டபோது வெயில் ஏறியிருந்தது. தெல்தெனியச் சந்தையில் கேட்டதும் வழி சொன்னார்கள். ஆமியில் போன பிரியந்தவின் வீடு என்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாதி பூசிய சிறிய வீடு. முன்னறையில் சீருடையில் ஒரு பையனின் படம். படத்துக்கு மாலை இல்லை. கீழே விளக்கும் இல்லை.

சோமாவதி கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் மகளும் அங்கே இருந்தாள். முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

“நீங்கதானா புத்தகக்காரர்? அம்மா இந்த மாசம் அண்ணனுக்கு, செத்தவங்களுக்குக் குடுக்கிற தானம் குடுக்கிறதா இருந்திச்சு. இத்தன வருசத்துல மொதத் தடவ. பன்சல ஹாமுதுருவோகிட்டயும் சொல்லியாச்சு. ஒங்கள வந்து பாத்திட்டு வந்து எல்லாத்தையும் நிப்பாட்டிடுச்சு. சான்றிதழத் திருப்பிக் குடுக்கணும்னு நிக்குது.”

ஏச்சைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார் ஹாஜியார். கேட்டுக்கொண்டேன். பிறகு சோமாவதியைப் பார்த்துச் சொன்னேன்.

“அக்கே, தோல் அட்டை கடைசியாப் போனது உண்மை. ஆனா உள்ள இருக்கிற தாள் பழசு. மொதல்ல அடிச்சது. தங்கம் பூசினதால அத வெட்டி மாத்தல. ஒங்க புத்தகத்துல இருக்கிற தாள்தான் கடைசி. அத மாத்தினது நான்தான்.”

அவர் அசையாமல் கேட்டார்.

“தங்கம் கெட்டுப் போயிரும்னா?”

“ஆமா.”

“அப்ப அன்னிக்கு ஏன் மல்லி அப்பிடிச் சொன்னீங்க?”

ஐயா என்கிற மஹத்தயா போய் மல்லி ஆகியிருந்தேன். தம்பி என்று கூப்பிட்டுக் கேட்ட பிறகு எனக்கு மறைக்க முடியவில்லை. “எங்க வீட்லயும் ஒரு ஆள் வரணும்” என்று தொடங்கி, ரவியைப் பற்றிச் சொன்னேன். கடையை, அறையை, பிரிக்காத பார்சலை. மகள் கதவோரமாக வந்து உட்கார்ந்தாள்.

“பட்டியல ஏன் மாத்தினாங்க? அவனக் கண்டுபிடிச்சாங்களா?” என்று சோமாவதி கேட்டார்.

“இல்ல அக்கே. சான்றிதழ் எடுத்தவங்கள மாத்தச் சொல்லிக் கடிதம் வந்திச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் கையெழுத்து வச்சேன். இவளுக்குக் கல்யாணம் பேசின நேரம். வீட்டுக்குக் கூரை போடணும்னு சொன்னாங்க. வச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒங்க அம்மா வச்சாங்களா?” என்றார்.

“இல்ல.”

“ஏன் வைக்கல?”

அம்மா சொன்ன வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“அவன் வந்தானா, மல்லி?”

“இல்ல அக்கே. வரல.”

அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள். நான் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் தேத்தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் இருந்தன. புத்தகம் கக்கத்தில்.

“பக்கமெல்லாம் கழண்டு வருது. தச்சுத் தாங்க.”

இரண்டு தாளும் உள்ள பிரதி

புத்தகத்தை வாங்கிக்கொண்டு, என் லாச்சியில் இருந்த பழைய தாளைப் பற்றிச் சொன்னேன். வேண்டுமென்றால் புதியதை எடுத்துவிட்டு அதை வைத்துத் தைக்கிறேன் என்றேன்.

அவர் யோசித்தார். “புதுசை எடுக்க வேணாம். பழசையும் வைங்க. அவன் காணாமப் போனதும் நெசம். நான் கையெழுத்து வச்சதும் நெசம்.”

ஒட்டின புத்தகத்தைத் தைப்பது லேசான வேலை இல்லை. முதுகில் இருந்த பசையை ஈரம் காட்டி ஊறவைத்துச் சுரண்டினேன். ஒற்றை ஒற்றையாகக் கிடந்த தாள்களை மெல்லிய தாள் கொண்டு இரண்டிரண்டாக இணைத்து, மடித்துச் சிறு சிறு கட்டுகளாக்கித் தைத்தேன். பழைய தாளைப் புதிய தாளுக்கு முன்னால் வைத்தேன். புரட்டினால் பிரியந்த முதலில் காணாமல் போகிறான். அடுத்த தாளில் இறக்கிறான். பசையில் மயில்துத்தம் கலந்தேன்.

முப்பது பிரதிக்கு வெட்டிய தோலில் மிச்சத் துண்டுகள் இருந்தன. முழு அட்டைக்குப் போதாது. முதுகுக்கும் நாலு மூலைக்கும் தோல் போட்டு, நடுவில் துணி போட்டேன். பொன் சின்னத்தை ஹாஜியாரே சூடு காட்டி அழுத்திக் கொடுத்தார்.

இப்போதும் சில நேரம் வெளிநாட்டுக்காரர்கள் அந்த வரலாற்றைத் தேடி வருகிறார்கள். தோல் பிரதி எத்தனை, துணிப் பிரதி எத்தனை, வித்தியாசம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மூன்று விதம் என்று சொல்வேன். நாலாவது ஒன்று இருப்பதை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தானத்து நாள்

சில மாதங்கள் கழித்து சோமாவதி அச்சகத்துக்கு வந்தார். தானம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புண்ணியம் அவனைப் போய்ச் சேரும் என்று ஹாமுதுருவோ சொன்னாராம். “அம்மாவையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அம்மாவிடம் சொன்னபோது, “ஆமிக்காரன் வீட்டுக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை வெளுத்த சேலையை எடுத்து உதறிக்கொண்டே, “எத்தன மணிக்கு பஸ்சு?” என்றார். போகிற வழியில் சந்தையில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்.

வீட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். சோமாவதி வாசலுக்கு வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. நான் நடுவில் நின்றேன்.

“ஹாமுதுருவோ பேர் சொல்லிப் புண்ணியம் குடுப்பாங்க. ஒங்க தம்பி பேரையும் சொல்லச் சொல்லவான்னு அம்மாகிட்டக் கேளுங்க” என்றார் என்னிடம்.

கேட்டேன். அம்மாவின் முகம் மாறவில்லை.

“வேணாம்னு சொல்லுடா. எம்புள்ள வருவான்.”

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தடுமாறினேன். வேறு விதமாகச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். இந்த முறை அப்படிச் செய்யவில்லை. சொன்னபடியே சொன்னேன். சோமாவதி தலையை ஆட்டி, “ஹரி” என்று ஏற்றுக்கொண்டார்.

பிக்குகள் உண்டு முடித்தபின் புண்ணியம் கொடுக்கும் நேரம் வந்தது. பாயில் ஒரு தட்டு, தட்டில் ஒரு கிண்ணம். பக்கத்தில் தண்ணீர்க் கூசா. பிக்குகள் ஓத ஓத, வீட்டார் சேர்ந்து கூசாவைப் பிடித்துக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். சோமாவதியும் மகளும் பிடித்தார்கள். பிறகு சோமாவதி திரும்பி, பின்னால் இருந்த அம்மாவின் கையை இழுத்துக் கூசாவில் வைத்தார்.

அம்மா என்னைப் பார்த்தார்.

“அந்தப் பையனுக்குத் தண்ணி ஊத்துறாங்கம்மா” என்றேன்.

அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மற்றக் கையையும் கூசாவின் அடியில் கொடுத்தார். கிண்ணம் நிறைந்து தண்ணீர் தட்டில் வழிந்தது. ஹாமுதுருவோ பிரியந்தவின் பெயரை மட்டும் சொன்னார்.